எஃப்எஸ்சிகே ‘சுத்தம்’ என்கிறது, இரண்டு நாளில் ஃபைல் சிஸ்டம் மறுபடி பூட்டிக்கொள்கிறது

புதுப்பானை | திங்கள், இரவு 11.42

வணக்கம். கைப்பேசியில் தட்டுகிறேன், அதனால் லாக் வரிகளையும் தமிழிலேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்யாண ஃபோட்டோ எடுப்பவன். கார்டிலிருந்து படங்களை இறக்கி வைக்க ஒரு பழைய மேசைக் கணினியை சர்வராக வைத்திருக்கிறேன். டெபியன் 12 லினக்ஸ், 8 ஜிபி ரேம் குச்சி இரண்டு, 4 டிபி டிஸ்க், ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. இப்போது மூன்று வாரத்தில் ஐந்து முறை, எதையும் எழுத முடியாமல் ரீட்-ஒன்லி ஆகிவிட்டது. லாகில் வருவது: ‘ஈஎக்ஸ்டி4 எரர், சாதனம் எஸ்டிஏ2, ஐகெட், செக்சம் தவறு’. (ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரப் பதிவு, ஐகெட் அதைப் படிக்கும் ஃபங்ஷன், செக்சம் அது கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்.) ஒருமுறை மட்டும் ‘டைரக்டரி பிளாக் செக்சம் பொருந்தவில்லை’. அதற்குக் கீழே ‘எஸ்டிஏ2-8 ஜர்னல் கைவிடப்படுகிறது’. அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று.

எனக்குப் புரியாதது இதுதான். பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகேயை ஓட்டினால் ஒரு தவறும் இல்லை என்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஐநோடு. எந்தக் கோப்பைக் குறை சொன்னதோ, அதையே மறுபடி பூட் செய்து திறந்தால் நன்றாகத் திறக்கிறது. டிஸ்க் போய்விட்டதா? ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், இரண்டு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

வெட்டிவேர் | திங்கள், இரவு 11.58

டிஸ்க் போச்சு. நாளைக்கே கடைக்குப் போங்கள். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

இரவுக்காவல் | செவ்வாய், 12.20

தம்பி, கடைக்குப் போகும் முன் சில விஷயம் சொல்லுங்கள்.

எஃப்எஸ்சிகேயை ‘எஃப்’ விருப்பத்தோடு ஓட்டினீர்களா? அது இல்லாவிட்டால் சூப்பர்பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் தலைமைப் பதிவு) ‘சுத்தம்’ என்ற கொடி இருந்தாலே போதும், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடும். ஒரு பிழை நடந்த பிறகு கொடி மாறியிருக்கும், முழுசாகத்தான் பார்க்கும். ஆனாலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், டிமெசேஜில் (லினக்ஸின் மையமான கெர்னலின் லாக்) அந்த ஈஎக்ஸ்டி4 வரிக்கு மேலே என்ன இருக்கிறது? டிஸ்க் படிக்கத் தவறியிருந்தால் முதலில் சாட்டா டிரைவர் கத்தும், அடுத்து பிளாக் அடுக்கு ‘ஐ/ஓ எரர், எஸ்டிஏ, செக்டார் இத்தனை’ என்று சொல்லும், கடைசியில்தான் ஃபைல் சிஸ்டம் வாய் திறக்கும். நீங்கள் எழுதியதில் கடைசிக் குரல் மட்டும்தான் கேட்கிறது.

டிஸ்க் தன் நலம் பற்றித் தானே எண்ணி வைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளில் 5, 197, 198 (கெட்ட செக்டார்கள்), 199 (கேபிள் வழியில் வந்த பிழை) நான்கையும் போடுங்கள். அடுத்த முறை பூட்டிக்கொண்டால், எஃப்எஸ்சிகே ஓட்டும் முன் டியூன்2எஃப்எஸ் ‘எல்’ கொடுத்துப் பாருங்கள். முதல் பிழை எப்போது, எந்த ஃபங்ஷனில், மொத்தம் எத்தனை என்று சூப்பர்பிளாக்கிலேயே எழுதி வைத்திருக்கும். எஃப்எஸ்சிகே ஓட்டினால் அது அழிந்துவிடும்.

புதுப்பானை | செவ்வாய், காலை 8.05

அண்ணா, ‘எஃப்’ போட்டுத்தான் ஓட்டினேன். ஐந்து கட்டமும் முழுசாக ஓடியது. ஈஎக்ஸ்டி4 வரிக்கு மேலே ஐ/ஓ எரர் எதுவும் இல்லை, அதற்கு முந்தைய வரி முந்தின நாள் யுஎஸ்பி செருகியது. ஸ்மார்ட்: 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 3.

வெட்டிவேர் | செவ்வாய், காலை 8.31

199 என்றால் கேபிள்! சிஆர்சி (சரிபார்ப்பு எண்) எரர். சாட்டா கேபிளை மாற்றுங்கள், நூறு ரூபாயில் முடிந்தது.

ஒத்தையடி | செவ்வாய், காலை 9.10

டெபியன் 12 என்றதும் எனக்கு வேறு சந்தேகம். கெர்னல் பதிப்பு என்ன? 2023 டிசம்பரில் 6.1.64-இல் ஈஎக்ஸ்டி4 தரவைக் கெடுத்தது நினைவிருக்கும். டைரக்ட் ஐ/ஓ (கேச்சைத் தவிர்த்து நேரே டிஸ்க்கில் எழுதுவது) தொடர்பான ஒரு திருத்தத்தைப் பழைய கெர்னலுக்குக் கொண்டுவந்தவர்கள், அது சார்ந்திருந்த, ஐயோமேப் என்ற இன்னொரு பகுதியின் திருத்தத்தை விட்டுவிட்டார்கள். கோப்பில் எந்த இடம் வரை எழுதியாயிற்று என்ற கணக்கு தவறிப்போனது. டெபியன் 12.3 வெளியீட்டையே நிறுத்திவிட்டு, டிசம்பர் 10 அன்று நேராக 12.4 விட்டார்கள்.

புதுப்பானை | செவ்வாய், காலை 9.26

6.1.119.

ஒத்தையடி | செவ்வாய், காலை 9.30

அப்படியானால் அது இல்லை. 6.1.66-லேயே சரி செய்தாயிற்று. தவிர, அந்தப் பிழை கோப்பின் உள்ளடக்கத்தைக் கெடுக்கும், ஐநோடு செக்சம் தவறு என்று புகார் வராது. என் வாயை மூடிக்கொள்கிறேன்.

பழையசோறு | செவ்வாய், மாலை 6.45

மூடிக்கொள்ள வேண்டாம், பதிப்பைக் கேட்டது சரிதான். இதே புகார், இதே ‘ஐகெட் செக்சம் தவறு’ வரி, 2018 நவம்பரில் உலகம் முழுக்க வந்தது. கெர்னல் 4.19 வெளியான புதிது. எல்லோரும் ஈஎக்ஸ்டி4-ஐத் திட்டினார்கள், அதன் பராமரிப்பாளர் டெட் சோவுக்குக் கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் குற்றவாளி அதற்குக் கீழ் அடுக்கில் இருந்தது, டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகளை நிர்வகிக்கும் பிளாக்-எம்கியூவில்.

நடந்தது இது. கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஐ/ஓ ஷெட்யூலர் ‘நன்’ (எதுவும் இல்லை) என்று இருந்தால் கோரிக்கையை வரிசையில் நிறுத்தாமல் நேரே டிரைவரிடம் தள்ளும்படி 4.19-இல் மாற்றினார்கள். சாதனம் ‘இப்போது முடியாது’ என்றால் கோரிக்கை திரும்பி வந்து வரிசையில் நிற்கும். அதற்குள் ஸ்கஸி அடுக்கு அந்தக் கோரிக்கைக்கான நினைவக அட்டவணையைத் தயார் செய்து முடித்திருக்கும். வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கோரிக்கை வந்து இதோடு ஒட்டிக்கொள்ளும். கோரிக்கை பெரிதாகும், அட்டவணை மட்டும் பழையபடியே இருக்கும். மறுபடி அனுப்பும்போது பழைய அளவுக்குத்தான் படிக்கும், எழுதும். ஒட்டிய பகுதி அந்தரத்தில். ஆனால் ‘எல்லாம் முடிந்தது’ என்று பதில் வரும், ஒரு பிழைச் செய்தியும் கிடையாது.

பிளாக் அடுக்கின் பராமரிப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ திருத்தம் எழுதினார், டிசம்பர் 8 அன்று 4.19.8 வந்தது. ஈஎக்ஸ்டி4 செய்த ஒரே குற்றம், தன் செக்சமைச் சரிபார்த்துச் சத்தம் போட்டது.

தம்பியின் கெர்னலில் அந்தப் பிழை கிடையாது. ஆனாலும் ஈஎக்ஸ்டி4 வாயிலிருந்து வந்த புகாரை ஈஎக்ஸ்டி4-இன் குற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

சுண்டெலி | செவ்வாய், இரவு 10.15

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு அந்த ‘ஐ/ஓ எரர், எஸ்டிஏ, செக்டார் 1000448’ வரி நிஜமாகவே வருகிறது. எந்தக் கோப்பு போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவுக்காவல் | செவ்வாய், இரவு 10.40

தனி இழை திறந்திருக்கலாம், சரி பரவாயில்லை. அந்த எண் முழு டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 512 பைட் செக்டார்களில் எண்ணியது. உங்கள் பார்ட்டிஷன் 2048-இல் தொடங்கினால் அதைக் கழியுங்கள்: 998400. பிளாக் 4096 பைட் என்றால் எட்டால் வகுக்க 124800. டீபக்எஃப்எஸ் உள்ளே போய் ‘ஐசெக் 124800’ கொடுத்தால் ஐநோடு எண் வரும், அந்த எண்ணை ‘என்செக்’கிடம் கொடுத்தால் கோப்பின் பெயர் வரும். ஆனால் இதையெல்லாம் செய்யும் முன் டிடிரெஸ்க்யூ வைத்து டிஸ்க்கை வேறொன்றுக்கு நகல் எடுங்கள். எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும் என்றால் அந்த நகல் மேல். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதக் கூடாது.

புதுப்பானை | புதன், இரவு 9.50

கேபிள் மாற்றினேன். சாயங்காலம் மறுபடி பூட்டிக்கொண்டது. 199 இன்னும் 3-லேயே நிற்கிறது. டியூன்2எஃப்எஸ் பார்த்தேன்: பிழை எண்ணிக்கை 2, முதல் பிழை ஐகெட் ஃபங்ஷனில். ஐநோடு மறுபடி வேறு. எஃப்எஸ்சிகே மறுபடி சுத்தம்.

இரவுக்காவல் | புதன், இரவு 10.35

கேபிள் மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை, நேற்றே சொல்லியிருக்க வேண்டும். சாட்டா கேபிளில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சிஆர்சி உண்டு. வழியில் கெட்டால் டிரைவ் கண்டுபிடித்து 199-ஐ ஒன்று கூட்டும், மறுபடி அனுப்பும், டிமெசேஜிலும் தடயம் விழும். டிஸ்க்கின் செக்டாருக்குள்ளும் அதற்கென்று திருத்தக் குறியீடு இருக்கிறது. அதாவது கேபிளிலும் தட்டிலும் காவல் இருக்கிறது. காவலே இல்லாத இடம், சாதாரண மேசைக் கணினியின் ரேம்.

டிஸ்க்கில் சரியாக இருக்கிறது, படித்த பிறகு தவறாக இருக்கிறது, மறுபடி படித்தால் சரியாகிவிடுகிறது. மூன்றும் ரேமைத்தான் காட்டுகின்றன. ஆனால் நிரூபிக்காமல் நம்ப வேண்டாம்.

கார்டிலேயே இன்னும் அழிக்காமல் இருக்கும் பெரிய வீடியோ ஏதாவது சர்வரில் இருக்கிறதா? பல ஜிபி வேண்டும். லேப்டாப்பில் கார்டைச் செருகி அதன் ஷா256 (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் அதே கோப்புக்கு ஷா256 எடுங்கள். பிறகு ‘சிங்க்’ கொடுத்து, டிராப்_கேச்சஸில் 3 எழுதி, மறுபடி எடுங்கள். பத்து முறை. கேச்சைக் காலி செய்யாவிட்டால் பத்து முறையும் ரேமில் இருக்கும் அதே பிரதியைத்தான் படிப்பீர்கள், சோதனைக்கு அர்த்தமே இல்லை. எப்போதாவது தவறான விடை வந்தால் கேச்சைத் தொடாமல் அந்தக் கோப்பை நெட்வொர்க் வழியே லேப்டாப்புக்கு இழுத்து, கார்டில் உள்ளதோடு சிஎம்பி ‘எல்’ வைத்து ஒப்பிடுங்கள்.

ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்துகொண்டே இதைச் செய்யுங்கள். அதுவரை புதிதாக எதையும் அந்த இயந்திரத்தில் எழுத வேண்டாம். எழுதவே வேண்டாம்.

புதுப்பானை | வியாழன், பிற்பகல் 2.15

9 ஜிபி வரவேற்பு வீடியோ. பத்தில் ஏழு முறை சரி, மூன்று முறை தவறு. தவறிய மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு விடை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பைட்தான் மாறியிருக்கிறது. 9 ஜிபியில் ஒரே பைட்! சிஎம்பி காட்டியது, முதலில் பைட்டின் இடம், பிறகு கார்டில் உள்ளது, அடுத்து சர்வரில் உள்ளது:

1029351115 – 101, 141
5056788171 – 12, 52
6963287755 – 207, 247

இதில் என்ன பார்க்க வேண்டும்?

பழையசோறு | வியாழன், பிற்பகல் 2.50

ஆஹா. தம்பி, இந்த மூன்று வரியை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டலாம்.

சிஎம்பி பைட் மதிப்பை எட்டின் அடிமானத்தில் காட்டும். பத்தின் அடிமானத்துக்கு மாற்றினால் 65 என்பது 97 ஆகியிருக்கிறது, 10 என்பது 42, 135 என்பது 167. மூன்றிலும் வித்தியாசம் 32. ஒரே பிட், எப்போதும் 0 இருந்த இடத்தில் 1.

இடத்தையும் பாருங்கள். மூன்று எண்களையும் 4096-ஆல் வகுத்தால் மீதி மூன்றிலும் 1739. கெர்னல் கோப்புகளை ரேமில் 4096 பைட் பக்கங்களாகத்தான் வைக்கும். கோப்பில் எங்கே இருந்தாலும் பக்கத்துக்குள் அதே இடம். அதாவது ரேமில் ஏதோ ஒரு பக்கம், அதில் ஒரு குறிப்பிட்ட செல், 1-லேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் அன்றைக்கு எந்தக் கோப்பின் எந்தத் துண்டு வந்து உட்கார்ந்ததோ அது கெடுகிறது. அங்கே ஏற்கெனவே 1 இருந்தால் ஒன்றும் தெரியாது. ஏழு முறை சரியாக வந்ததில் சில அப்படியும் இருக்கும்.

ஐநோடு அட்டவணையின் ஒரு பிளாக் அங்கே வந்து உட்கார்ந்த நாளில்தான் ஈஎக்ஸ்டி4 கத்தியது.

ஒத்தையடி | வியாழன், பிற்பகல் 3.05

அப்படியே முன்கூட்டிக் கணக்குப் போட்டுவிடலாம். சிஎம்பி ஒன்றிலிருந்து எண்ணும், ஆகவே பக்கத்துக்குள் இடம் 1738. எட்டு பைட் சொல்லாகப் பார்த்தால் அந்தச் சொல் 1736-இல் தொடங்கும், பதினாறின் அடிமானத்தில் 6சி8. சொல்லுக்குள் இரண்டு பைட் தள்ளி, அதில் 5-ஆவது பிட், ஆக 21-ஆவது பிட். இன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். முகவரி 6சி8-இல் முடிந்தால் எனக்கு ஒரு டீ.

வெட்டிவேர் | வியாழன், பிற்பகல் 3.12

சினிமா ஜோசியர் மாதிரி இருக்கிறது. நான் காத்திருக்கிறேன்.

புதுப்பானை | வெள்ளி, காலை 6.20

இரண்டாவது சுற்றில் சிவப்பு வரி. முகவரியின் கடைசி மூன்று எழுத்து 6சி8. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் 200000, பதினாறின் அடிமானத்தில். விடியும்வரை அதே ஒரு முகவரிதான், வேறு இல்லை. ஒவ்வொரு குச்சியாகக் கழற்றிப் பார்த்ததில் இரண்டாவது குச்சி. அண்ணா, டீ இல்லை, சாப்பாடே உண்டு.

வெட்டிவேர் | வெள்ளி, காலை 7.00

சரி, நான் தோற்றேன். ஆனால் ஒரு பக்கம்தானே கெட்டது, பூட் செய்யும்போது கெர்னலுக்கு மெம்மேப் அளவுரு கொடுத்து அந்த 4 கேபியை மட்டும் ஒதுக்கிவிடலாமே? குச்சியை ஏன் தூக்கி எறிய வேண்டும்?

இரவுக்காவல் | வெள்ளி, காலை 7.25

முடியும், செய்து பார்த்திருக்கிறேன். விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினி என்றால் செய்யலாம். ஊரார் கல்யாணப் படம் இருக்கும் இடத்தில் வேண்டாம். இன்று ஒரு செல் போன குச்சியில் நாளை எது போகும் என்று யார் சொல்வது? மறுபடி ரேம் வாங்கும்போது போர்டும் சிபியுவும் ஒத்துழைத்தால் ஈசிசி பாருங்கள். ஒரு பிட் புரண்டால் தானே திருத்தி லாகிலும் எழுதும்.

இப்போது கெட்ட செய்தி. ஈஎக்ஸ்டி4 செக்சம் போடுவது ஐநோடு, டைரக்டரி போன்ற தன் சொந்தக் கணக்குக்கு மட்டும். உங்கள் படங்களின் உள்ளடக்கத்துக்கு அது எதுவும் போடுவதில்லை; பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற வேறு ஃபைல் சிஸ்டம்கள் போடும். இந்த மூன்று வாரத்தில் கார்டிலிருந்து இறக்கிய படங்கள் எல்லாம் அந்த ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போயின. அங்கிருந்து பேக்கப்புக்கும் அதே ரேம் வழியாகத்தான். கத்தியது ஆறு முறை. கத்தாமல் போனது எத்தனை என்று எண்ண வேண்டும்.

புதுப்பானை | வெள்ளி, காலை 7.31

வயிற்றைக் கலக்குகிறது. பேக்கப்புக்குத் தினமும் ஆர்சிங்க் (நகலெடுக்கும் நிரல்) ஓடுகிறது, பிழை எதுவும் சொல்லவில்லையே?

பழையசோறு | வெள்ளி, காலை 8.10

சொல்லாது. ஆர்சிங்க் வழக்கமாகக் கோப்பின் அளவையும் நேரத்தையும் பார்த்து ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று நகர்ந்துவிடும். ஒரு பிட் புரண்டால் அளவும் மாறாது, நேரமும் மாறாது. நல்ல குச்சியை மட்டும் வைத்து பூட் செய்து, ‘சி’, ‘என்’, ‘ஐ’ மூன்று விருப்பமும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்து ஒப்பிடும், எதையும் நகலெடுக்காது, பட்டியல் மட்டும் தரும். ‘என்’ மறந்தால் கெட்டதை நல்லதன் மேல் எழுதிவிடும், ஜாக்கிரதை.

பட்டியலில் வரும் ஒவ்வொரு கோப்புக்கும் எது நல்லது என்று குழம்ப வேண்டாம். இரண்டையும் சிஎம்பி போடுங்கள். உங்கள் செல் 1-இல் ஒட்டியது. எந்தப் பிரதியில் அந்த பிட் 1-ஆக இருக்கிறதோ அது கெட்டது.

மீதி 1739 வராத கோப்பும் ஒன்றிரண்டு வரலாம். அவை கேச்சில் இருந்தபோது கெடாமல், நகலெடுக்கும் நிரலின் சொந்த பஃபரில் இருந்தபோது கெட்டவை. அங்கேயும் வித்தியாசம் 32-ஆகத்தான் இருக்கும், அதே விதி பொருந்தும்.

புதுப்பானை | சனி, இரவு 11.05

முடிந்தது. இரவு பகலாக ஓடியது. மொத்தம் 31 கோப்பு. 29-இல் மீதி 1739, இரண்டில் வேறு, வித்தியாசம் எல்லாவற்றிலும் 32. 22-இல் பேக்கப் கெட்டது, மூலம் நன்றாக இருந்தது. 9-இல் மூலம் கெட்டு பேக்கப் நன்றாக இருந்தது. எப்படி என்று முதலில் புரியவில்லை, பிறகு பார்த்தால் அவை எல்லாம் நான் போன வாரம் கோப்புறை மாற்றி மறுபடி நகலெடுத்தவை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் இந்தப் பட்டியலில் வராதே என்று நள்ளிரவில்தான் உறைத்தது. கடைசி நான்கு நிகழ்ச்சிகளின் கார்டுகளை நல்லவேளை அழிக்கவில்லை. அவற்றோடு ஒப்பிட்டதில் இன்னும் மூன்று கிடைத்தன. அதற்கு முந்தைய ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் கார்டு இல்லை. 640 படத்தையும் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் மாப்பிள்ளையின் தோளுக்குக் கீழே நிறம் மாறிப் பட்டை விழுந்திருக்கிறது.

ரேம் வாங்கிய கடையில் ‘கணினி ஆன் ஆகிறதா? ஆகிறது என்றால் ரேம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார்கள். மெம்டெஸ்ட் திரையை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.

வெட்டிவேர் | சனி, இரவு 11.20

அந்தப் படத்தில் பிட் எங்கே என்று தெரிந்தால் திருத்திவிடலாமே? மீதி 1739 வரும் பைட்களில் எதில் 32 இருக்கிறதோ அதைக் கழித்துக் கழித்துப் பார்த்தால், ஏதாவது ஒன்றில் பட்டை மறையும். ஜேபெக் 6 எம்பி என்றால் சுமார் 1500 இடம்தான். இந்த ஒரு தடவை டிஸ்க் வாங்கச் சொல்ல மாட்டேன்.

புதுப்பானை | ஞாயிறு, அதிகாலை 1.48

ஒரு சின்ன நிரல் எழுதி 700 சொச்சம் படம் உருவாக்கி, சிறுபடங்களாக ஓட்டிப் பார்த்தேன். 412-ஆவதில் பட்டை இல்லை. வெட்டிவேர் அண்ணா, டீ உங்களுக்கு.

நாலரைக்கு முகூர்த்தம். கேமரா பேட்டரி சார்ஜ் போட மறந்துவிட்டேன்.